ஏரோநாட்டிக்கல் எடுக்கலாமா, மெக்கானிக்கலா? தண்டையார்பேட்டை பிளஸ் டூ மாணவியின் கேள்வி

கயல்_தண்டையார்பேட்டை

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். மாநகராட்சிப் பள்ளியில் பிளஸ் டூ கணிதப் பிரிவு படிக்கிறேன், தமிழ் வழி. ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளிதான். வீட்டில் காலேஜ் போகும் முதல் ஆள் நான். கட்-ஆஃப் 180-ஐ ஒட்டி வரும் என்று டீச்சர் சொல்கிறார்.

ராக்கெட், விமானம் சம்பந்தமான படிப்புதான் வேண்டும். ஏரோநாட்டிக்கல், ஏரோஸ்பேஸ், மெக்கானிக்கல் மூன்றில் எது? இஸ்ரோவுக்கு எது வழி? ஒரு தனியார் கல்லூரியிலிருந்து தினமும் போன் செய்து "ஏரோ சீட் இருக்கு, உடனே அட்வான்ஸ் கட்டுங்க" என்கிறார்கள். மாமா பையன் ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்பு) படித்தால் சீக்கிரம் வேலை என்கிறான். பத்தாவது முடிக்கப்போகும் என் தம்பிக்கும் இதே ஆசை, ஆனால் அவன் ஐ.டி.ஐ. போகலாம் என்று இருக்கிறான். அவனுக்கும் இந்தத் துறையில் இடம் உண்டா?

ராயபுரம்_ஸ்ட்ரெஸ்

தங்கச்சி, முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடலாம். ஏரோநாட்டிக்கல் என்பது காற்று மண்டலத்துக்குள் பறப்பவை: விமானம், ஹெலிகாப்டர், டிரோன். ஏரோஸ்பேஸ் என்றால் அதோடு ராக்கெட், செயற்கைக்கோள், சுற்றுப்பாதைக் கணக்கு. பி.இ. அளவில் பெரும்பகுதிப் பாடம் இரண்டிலும் ஒன்றேதான்: ஏரோடைனமிக்ஸ், ஸ்ட்ரக்சர்ஸ், ப்ரொபல்ஷன், ஃப்ளைட் மெக்கானிக்ஸ், கன்ட்ரோல். அந்த இரண்டில் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. எந்தக் கல்லூரி என்பதுதான் கேள்வி.

ஐ.ஐ.டி., திருவனந்தபுரம் வலியமலையில் இருக்கும் ஐ.ஐ.எஸ்.டி. (விண்வெளிப் படிப்புக்கான மத்திய அரசு நிறுவனம்), அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இந்த மூன்றில் ஏரோ கிடைத்தால் யோசிக்காமல் எடு. கிடைக்காவிட்டால், கைக்கு எட்டுகிற நல்ல அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ மெக்கானிக்கல் அல்லது ஈ.சி.ஈ. (எலக்ட்ரானிக்ஸ்) எடுத்துவிட்டு எம்.டெக்.கில் ஏரோவுக்குள் நுழைவதுதான் என் யோசனை.

காரணம் வேலை அறிவிப்புகளின் வாசகம். இஸ்ரோவின் மையத் தேர்வு வாரியம் சயன்டிஸ்ட்/இன்ஜினியர் 'எஸ்.சி.' (இது பதவியின் பெயர், சாதிப் பிரிவு இல்லை) பணிக்கு ஆள் எடுக்கும்போது பெரும்பாலும் கேட்பது எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ். முதல் வகுப்போடு 65 சதவீதம் அல்லது 10-க்கு 6.84 சி.ஜி.பி.ஏ. வேண்டும். அறிவிப்பில் மெக்கானிக்கல் என்று இருந்தால் உன் பட்டச் சான்றிதழிலும் அந்தப் பெயர் இருக்க வேண்டும். பாடம் ஒன்றுதானே என்று வாதாட அங்கே இடமில்லை. ராக்கெட்டுக்காகவே ஏரோ எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் இந்த வரியைப் பார்த்து இடிந்து போகிறார்கள். பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் சயன்டிஸ்ட் 'பி' அறிவிப்பில் ஏரோநாட்டிக்கல் தனிப் பாடமாகவே வரும், கேட் (இன்ஜினியரிங் பட்டதாரிகள் எழுதும் தேசியத் தேர்வு) மதிப்பெண்ணை வைத்து எடுப்பார்கள். ஆனால் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் அளவுக்கு இடம் இருக்காது.

ஐ.ஐ.எஸ்.டி. மட்டும் தனி வழி. 2007-இல் விண்வெளித் துறை தொடங்கிய நிறுவனம். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ரேங்க் இருந்தால்தான் சேர்க்கை, அதற்கும் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். நல்ல சி.ஜி.பி.ஏ.வோடு முடிப்பவர்களைக் காலியிடத்தைப் பொறுத்து இஸ்ரோவே எடுத்துக்கொள்ளும். சேர்ந்த உடனே வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஜே.இ.இ. மெயினைத் தமிழிலேயே எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை எழுத முடியும்.

இப்போது உன் கையில் இருக்கும் பெரிய பலம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் டி.என்.இ.ஏ. (தமிழக இன்ஜினியரிங் சேர்க்கை) கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உனக்கு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். எம்.ஐ.டி.யிலும் இந்த ஒதுக்கீடு இருக்கிறது. பொதுப் பட்டியலில் 180-க்கு எட்டாத கல்லூரி இந்தப் பட்டியலில் எட்டலாம். கட்-ஆஃப் கணக்கு: கணக்கு மார்க் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. 92, 88, 90 என்றால் 92 + 44 + 45 = 181. கணக்கில் ஏறும் ஒவ்வொரு மார்க்கும் இயற்பியலில் இரண்டு மார்க்குக்குச் சமம், கடைசி மாதத்தில் எதற்கு நேரம் ஒதுக்குவது என்பதை இதை வைத்து முடிவு செய். படிக்கும் காலம் முழுக்க புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும்.

தினமும் போன் செய்கிறவர்களுக்கு ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கட்ட வேண்டாம். அவர்கள் விற்பது மேனேஜ்மென்ட் கோட்டா சீட். அதே கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் கலந்தாய்வில் வரும், 7.5-இல் எடுத்தால் உனக்குச் செலவே இல்லை.

அந்தக் கல்லூரியை எடைபோட ஒரு வழி சொல்கிறேன். நேரில் போய் விண்ட் டனலை (மாதிரி இறக்கை மேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் கூண்டு) பார்க்கக் கேள். சோதனைப் பகுதி எத்தனை மில்லிமீட்டர், அதிகபட்ச வேகம் என்ன, விசையை அளக்கும் பேலன்ஸ் வேலை செய்கிறதா? கல்லூரிகளில் வழக்கமாக இருப்பது 600-க்கு 600 மி.மீ., நொடிக்கு 50 மீட்டர் வரை போகும் டனல். மோட்டார் ஓடும், பேலன்ஸ் செத்துக் கிடக்கும். பசங்க போன வருட ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுவார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, ஸ்ட்ரக்சர்ஸ் லேபில் வாக்னர் பீம் (மெல்லிய தகடு கொண்ட உத்தரத்தில் பளு ஏற்றிப் பார்க்கும்) சோதனையை அவரே கையால் செய்தாரா என்று கேள். "சார் செய்து காட்டினார்" என்று பதில் வந்தால் அந்தக் கல்லூரி வேண்டாம்.

பி1_லைசன்ஸ்

ஏ.எம்.இ. பற்றி நான் சொல்கிறேன் மா. இது இன்ஜினியரிங் பட்டம் இல்லை, விமானப் பராமரிப்பு லைசன்ஸ். விமானத்தை வடிவமைப்பவர் வேறு, பழுது பார்த்து "இது பறக்கலாம்" என்று கையெழுத்துப் போடுபவர் வேறு. நீ ராக்கெட் என்று சொல்கிறாய். அதற்கு இது வழியில்லை. விமானத்தின் மேலேயே கை வைத்து வேலை செய்ய ஆசை என்றால் மிக நல்ல தொழில்.

லைசன்ஸ் கொடுப்பது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ., விதி கார்-66. டர்பைன் விமானத்துக்கு பி1.1, ஏவியானிக்ஸுக்கு பி2. படிக்கும் இடம் கார்-147 அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், அந்தப் பட்டியல் டி.ஜி.சி.ஏ. தளத்திலேயே இருக்கிறது. எந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் என்றும் சேர்த்துப் பார். "ஏவியேஷன் டிப்ளமா", "ஏர்போர்ட் கிரவுண்ட் ஸ்டாஃப்" என்று போஸ்டர் ஒட்டும் இடங்களுக்கும் இந்த லைசன்ஸுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கோர்ஸ் முடித்த சான்றிதழ் லைசன்ஸ் ஆகாது. மாட்யூல் (பாடப் பகுதி) தேர்வுகளை டி.ஜி.சி.ஏ. தனியாக நடத்தும், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. பி1.1-க்கு மாட்யூல் 11ஏ விமான அமைப்புகள், 15 கேஸ் டர்பைன் இன்ஜின், 17 ப்ரொப்பெல்லர். இவற்றோடு கணிதம், இயற்பியல், மின்னியல், ஹியூமன் ஃபேக்டர்ஸ், விமானச் சட்டம் எல்லாம் உண்டு. முதல் வருடத்திலேயே மாட்யூல் 1, 2, 3-ஐ முடித்துவிட வேண்டும். கோர்ஸ் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் கையில் லைசன்ஸ் இல்லாமல் டெக்னீஷியனாகவே வருடக்கணக்கில் நிற்கிறார்கள். மாட்யூல் எல்லாம் முடிந்த பிறகும் பராமரிப்பு அனுபவக் காலத்தைப் பதிவேட்டில் காட்ட வேண்டும், அதன் பின் ஏ320 போன்ற குறிப்பிட்ட விமானத்துக்கு டைப் ரேட்டிங் (அந்த மாடலுக்கான தனி அனுமதி). நல்ல சம்பளம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. "சீக்கிரம் வேலை" என்று உன் மாமா பையன் சொல்வது இந்த வரிசையை விட்டுவிட்டுச் சொல்வது.

கயல்_தண்டையார்பேட்டை

ரொம்ப நன்றி அண்ணா. இன்னும் இரண்டு சந்தேகம். எனக்கு இந்தப் படிப்பு பிடிக்குமா, இல்லை ராக்கெட் வீடியோ பார்த்து வந்த ஆசை மட்டுமா என்று இப்போதே தெரிந்துகொள்ள வழி உண்டா? தமிழ் வழியில் படித்ததால் காலேஜில் தடுமாறுவேனா?

கொளத்தூர்_வாத்தியார்

வழி இருக்கிறது, செலவு நூறு ரூபாய்க்குள். கையால் எறியும் ஒரு கிளைடர் செய், அது எவ்வளவு வேகத்தில் பறக்கும் என்று பறக்கும் முன்பே கணக்குப் போடு.

5 மி.மீ. தெர்மாகோல் ஷீட்டில் இறக்கை 60 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். வால் இறக்கை 24-க்கு 5 செ.மீ. நிற்கும் வால் 10-க்கு 6. உடம்புக்கு 50 செ.மீ. மூங்கில் பிளாச்சு. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கால்வாசி அகலத்தில் ஒரு புள்ளி, வாலிலும் அதேபோல் ஒரு புள்ளி; இரண்டுக்கும் நடுவே 30 செ.மீ. வரட்டும். வால் பரப்பு 120, தூரம் 30. பெருக்கி, இறக்கைப் பரப்பு 600-ஐ அகலம் 10-ஆல் பெருக்கியதால் வகுத்தால் 0.6. இதற்கு டெயில் வால்யூம் என்று பெயர், 0.5-ஐ ஒட்டி இருந்தால் நிலையாகப் பறக்கும். இறக்கையை நடுவில் ஒடித்து இரண்டு நுனிகளும் 4 செ.மீ. மேலே வருமாறு ஒட்டு. சாதாரண ஃபெவிக்விக் தெர்மாகோலைக் கரைத்துவிடும், ஃபெவிகால் போட்டு ஒரு ராத்திரி காயவிடு.

மூக்கில் களிமண் ஒட்டி, எடை மையத்தை இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 2.5 முதல் 3 செ.மீ.க்குள் கொண்டுவா. எறிந்ததும் மேலே ஏறி, நின்று, மூக்கு குத்தி விழுந்தால் பின்பக்கம் பாரம் அதிகம்; களிமண்ணை ஒவ்வொரு கிராமாகச் சேர். நேராகத் தரையில் பாய்ந்தால் களிமண்ணைக் குறை, அல்லது வாலின் பின்விளிம்பை ஒரு மி.மீ. மேலே வளை. ஒரே பக்கம் திரும்பினால் இறக்கை முறுக்கியிருக்கும், கண் மட்டத்தில் வைத்து முன்னாலிருந்து பார்த்தால் தெரியும்.

மொத்த எடை 40 கிராம் என்று வைத்துக்கொள். எடை விசை 0.392 நியூட்டன். தூக்குவிசைச் சமன்பாட்டில் காற்றின் அடர்த்தி 1.16, பரப்பு 0.06 சதுர மீட்டர், தூக்குக் குணகம் 0.6 போட்டால் வேகம் நொடிக்குச் சுமார் 4.3 மீட்டர். பள்ளிச் சுவரில் ஒரு மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் போனில் பக்கவாட்டிலிருந்து படம் பிடி. ஒரு மீட்டர் கடக்க ஏழு ஃப்ரேம் ஆனால் உன் கணக்கு சரி. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டு எத்தனை மீட்டர் போகிறது என்று அளந்து இரண்டால் வகு. 5 அல்லது 6 வந்தால் நல்ல கிளைடர். கடற்காற்று எழும்பும் முன், காலை எட்டு மணிக்குள் மைதானத்துக்குப் போய்விடு. பிறகு காற்றைத்தான் அளப்பாய், கிளைடரை இல்லை.

கணக்குக்கும் அளவுக்கும் வித்தியாசம் வரும்போது ஏன் என்று தேட உனக்குத் தோன்றுகிறதா என்று கவனி. நாலு வருடம் படிக்கப்போவது அதைத்தான். கிளைடர் செய்யும் வேலை பிடித்து, கணக்குப் பகுதி எரிச்சலாக இருந்தால் பி1_லைசன்ஸ் சொன்ன தொழில் உனக்கு இன்னும் பொருத்தம்.

தமிழ் வழி ஒரு தடையே இல்லை, முதல் செமஸ்டர் மட்டும் கொஞ்சம் கடினம். சிக்கல் பாஷையில் இருப்பதைவிட டிஃபரன்ஷியல் ஈக்வேஷனில்தான் அதிகம். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்தைத் தேர்வுக்காக ஒதுக்கிவிடாதே, ஃப்ளைட் மெக்கானிக்ஸ் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. பாடத்தில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் எழுதி வை: திருப்புவிசை டார்க், உந்தம் மொமெண்டம், தகைவு ஸ்ட்ரெஸ், திரிபு ஸ்ட்ரெய்ன். என்.பி.டி.இ.எல். (NPTEL) தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசம். காசு கட்டுவது சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்.

வியாசர்பாடி_சிஎஃப்டி

ராயபுரம் அண்ணன் சொன்னதோடு ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. இஸ்ரோவை மட்டும் குறியாக வைத்தால் அவர் கணக்கு சரி. ஆனால் தனியார் பக்கம் இப்போது வேறு மாதிரி. ஐ.ஐ.டி. மெட்ராஸில் உருவான அக்னிகுல் என்ற ராக்கெட் கம்பெனி 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் செய்த இன்ஜினோடு ராக்கெட்டை ஏவியது. இப்படிப்பட்ட இடங்களில் பட்டத்தின் பெயரைவிட என்ன செய்து காட்டுகிறாய் என்பதுதான் முக்கியம். ஆகவே நடுத்தரக் கல்லூரியில் 7.5-இல் ஏரோ கிடைத்து, உனக்கு அதில்தான் உயிர் என்றால் எடுப்பது தப்பில்லை. வேலைக்கான திறமையை லேபை நம்பாமல் நீயே கட்ட வேண்டும்.

எப்படி என்றால், கம்ப்யூட்டரில் செய்யும் காற்றோட்டக் கணிப்பில் (சி.எஃப்.டி.) வேலை கேட்டு வருபவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் கலர் கலராகப் படம் காட்டுவார்கள். "மெஷ்ஷை இரட்டிப்பாக்கினால் விடை எவ்வளவு மாறியது?" என்று கேட்டால் பேச்சே வராது. மெஷ் என்பது கணிப்புக்காக இடத்தைப் பிரிக்கும் சிறு கட்டங்கள். நீ ஓப்பன்ஃபோம் என்ற இலவச சாஃப்ட்வேரில் நாகா 0012 என்ற இறக்கை வடிவத்தை எடு. ரெனால்ட்ஸ் எண் (வேகம், அளவு, காற்றின் பிசுக்கு சேர்ந்த எண்) 60 லட்சத்தில், 10 டிகிரிக் கோணத்தில் தூக்குக் குணகம் சுமார் 1.09, இழுவைக் குணகம் சுமார் 0.012 என்று நாசாவின் டர்புலன்ஸ் மாடலிங் தளத்தில் ஒப்பீட்டு விடை இருக்கிறது. மூன்று மெஷ்களில் ஓட்டி அந்த எண்ணை நெருங்கிக் காட்டு. தூக்கு சீக்கிரம் ஒத்துவரும், இழுவை வராது. சுவரை ஒட்டிய முதல் செல்லின் ஒய்-பிளஸ் (சுவரிலிருந்து அதன் தூரத்தைக் காட்டும் எண்) 1-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பார். அது சரியாக இருந்தும் இழுவை ஒத்துவரவில்லை என்றால் வெளி எல்லை மிக அருகில் இருக்கும். நாசா அதை இறக்கை அகலத்தைப்போல் 500 மடங்கு தூரத்தில் வைத்திருக்கிறது. இந்த ஒரு வேலையை முழுசாகச் செய்து நான்கு பக்கம் எழுதி வைத்தால், பத்து சாஃப்ட்வேர் சான்றிதழ்களைவிட மேல்.

ராயபுரம்_ஸ்ட்ரெஸ்

ஏற்றுக்கொள்கிறேன், ஸ்ட்ரக்சர்ஸ் பக்கமும் அதே கதைதான். கேட்டியா, ஹைப்பர்மெஷ், நாஸ்ட்ரான் என்று சாஃப்ட்வேர் பெயர்கள் பயோடேட்டாவில் வரிசையாக இருக்கும். பயணிகள் விமானத்தின் லிமிட் லோடு (பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்ச பளு) 2.5 ஜி, அல்டிமேட் (உடையாமல் தாங்க வேண்டிய பளு) எவ்வளவு என்றால் முழிப்பார்கள். 1.5-ஆல் பெருக்கினால் 3.75, அவ்வளவுதான். நேர்முகத் தேர்வில் வருவது இவைதான்: பீமுக்கு வளைதிருப்பு வரைபடம், மூடிய பெட்டியில் ஷியர் ஃப்ளோ (சுவர்களில் பரவும் வெட்டு விசை), மெல்லிய தகடு எப்போது பக்கிள் ஆகும் (நெளியும்). இன்னொன்று தங்கச்சி: அமெரிக்க ராக்கெட் கம்பெனிகளில் சேருவது கனவாக இருந்தால், அந்த நாட்டு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் அங்கே பெரும்பாலான வேலைகள் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான்.

மணலி_என்டிடி

தம்பியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவனுக்குத் தாராளமாக இடம் உண்டு. இஸ்ரோ டெக்னீஷியன் 'பி' பணிக்குக் கேட்பது பத்தாவதும் ஐ.டி.ஐ.யும்: ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், வெல்டர், எலக்ட்ரானிக் மெக்கானிக் என்று மையத்துக்கு மையம் மாறும். தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700. முதல் வகுப்பில் டிப்ளமா முடித்தால் டெக்னிக்கல் அசிஸ்டென்ட், 44,900. சயன்டிஸ்ட் 'எஸ்.சி.' 56,100. இந்த இடைவெளியைப் பார்த்தால், பத்தாவதில் கணக்கு நன்றாக வருகிறவன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா போவது நல்லது. அங்கிருந்து நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ.யும் சேரலாம்.

ஐ.டி.ஐ.தான் என்றால் மெஷினிஸ்ட் அல்லது வெல்டர் எடுக்கச் சொல். வெல்டர் என்றால் டிக் (டங்ஸ்டன் மின்முனை வைத்துச் செய்யும்) வெல்டிங்கில், அதுவும் அலுமினியத்தில் கை பழக வேண்டும். ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கிரையோஜெனிக் (மிகக் குளிர்ந்த எரிபொருள்) தொட்டிகள் 2219 என்ற அலுமினியக் கலவை. அலுமினிய வெல்டில் வரும் பெரிய குறை போரோசிட்டி, நுண்ணிய வாயுக் குமிழிகள். ஈரத்திலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வரும் ஹைட்ரஜன்தான் காரணம். எண்ணூர், திருவொற்றியூர் பட்டறைகளில் கடற்காற்று ஈரம் எப்போதும் இருக்கும், அதனால் பற்றவைக்கும் சற்று முன் அசிட்டோன் போட்டுத் துடைத்து, அலுமினியத்துக்கென்றே வைத்திருக்கும் ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இரும்பில் தேய்த்த பிரஷ்ஷை இதில் வைத்தால் வேலை கெட்டது. கம்பியையும் வெறுங்கையால் தொடக் கூடாது.

டிப்ளமா முடித்த பிறகு என்.டி.டி. (பாகத்தை உடைக்காமல் குறை கண்டுபிடிக்கும் சோதனை) பக்கமும் பார்க்கலாம்: அல்ட்ராசானிக், டை பெனட்ரன்ட், ரேடியோகிராஃபி, எடி கரன்ட். மணலி ஆலைகளில் கை பழகலாம், ஆனால் அங்கே வாங்கும் லெவல் 2 சான்றிதழ் விமானப் பாகங்களுக்கு அப்படியே செல்லாது. விமானத் துறை கேட்பது நாஸ் 410 அல்லது ஈ.என். 4179 விதிப்படியான தகுதி, அதை வேலை கொடுக்கும் கம்பெனிதான் பயிற்சி நேரம், அனுபவ நேரம், கண் பரிசோதனை எல்லாம் பார்த்துத் தரும்.

கொளத்தூர்_வாத்தியார்

கயல், கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போது "எனக்குக் கிடைக்காது" என்று நினைத்து எம்.ஐ.டி.யைக் கீழே தள்ளிவிடாதே. பட்டியல் வரிசைப்படிதான் இடம் ஒதுக்கப்படும், மேலே வைப்பதால் நஷ்டம் எதுவும் இல்லை. 7.5-இலும் பொதுப் பிரிவிலும் இரண்டிலும் கலந்துகொள்ளலாம். டி.என்.இ.ஏ. தளத்தில் போன வருடக் கட்-ஆஃப் எடுக்கும்போது 7.5 பட்டியலையும் உன் சமூகப் பிரிவுக்கான வரியையும் பார், பொதுப் பட்டியலைப் பார்த்துப் பயந்துவிடாதே. சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இரண்டையும் தேர்வு முடிந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து விடு, ரிசல்ட் வந்த பிறகு அங்கே கூட்டம் தாங்காது.

வீட்டில் தூரம் என்று தயங்கினால் இதைச் சொல்: தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் ஏர்போர்ட், எதிரே திரிசூலம் ஸ்டேஷன், அங்கிருந்து இரண்டாவது ஸ்டேஷன் குரோம்பேட்டை. பாஸ் எடுத்தால் பீச் வழியாகத் தாம்பரம் லோக்கல் இன்னும் மலிவு.